மயானத்தின் அமைதி

எங்கள் ஊரில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. பறை முழங்கப் பாடை தெருவில் இறங்கியதும், படலையடியில் நின்று மாரடித்து அழுதுவிட்டு அவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின் வீடு கழுவுவதும், துடக்குக் கழியும்வரை ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதும் அவர்கள் பங்கு. மண்ணிட்டு மூடுவது ஆண்களின் பங்கு. இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டதனாலேயே அது வழக்கமாக நிலைத்திருக்கிறது.

1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி சூறையாடிச் சென்ற சில வாரங்களில் என் தந்தையார் காய்ச்சல் கண்டு இறந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் எங்கள் மணற்றிடலின் கடற்கரை மயானத்தில், ஒரு புன்னை மரத்தடியில், முதற்பிடி மண்ணை இட்டவன் நான். எங்கள் பகுதியில் எரிப்போரும் உண்டு, புதைப்போரும் உண்டு. கரையோர ஊர்களில் புதைப்பதே பெருவழக்கு. தலைமாட்டில் நட்ட பலகையில் தந்தையாரின் பெயர் எழுதியிருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அந்தப் பலகையையும் மண்மேட்டையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. புன்னை மட்டும் நின்றது. இன்று அதுவே எனக்கு அடையாளம்.

ஏறக்குறைய அரை நூற்றாண்டாக என் தாயார் அந்தப் புன்னையைக் கண்டதில்லை. எங்கள் வீட்டிலிருந்து அது கால்மணி நேர நடைதூரத்தில் இருக்கிறது.

சென்ற ஆண்டு, ஒரு காலத்தில் என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கமெராவும், முகத்தை மூடும் கண்ணாடிப் பெட்டியொன்றும் கொண்டுவந்திருந்தார். கமெராவின் முன்னும் பின்னும் மீன்விழி போன்ற இரண்டு வில்லைகள். ஒவ்வொன்றும் தன் பக்கத்து அரையுலகைப் பிடித்துக்கொள்ள, அந்த இரு பாதிகளையும் கணினி தைத்து ஒரு முழுக்கோளம் ஆக்கிவிடுகிறது. கண்ணாடிப் பெட்டியை அணிந்துகொண்டு தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கத்துக் காட்சி கண்முன் வரும். அண்ணாந்தால் வானம், குனிந்தால் தரை. ‘மெய்நிகர்க் காட்சி’ என்று இதற்குப் பெயர். கமெராவுக்கு ஒரேயொரு குருட்டிடம் உண்டு என்றும் அவர் சொன்னார்: தான் ஊன்றி நிற்கும் காலடியை அதனால் காட்ட முடியாது. அவ்விடத்தில் தாங்கியின் கால்களே தெரியும் என்பதால், அயலிலுள்ள மணலின் படத்தைக் கொண்டு கணினியில் அந்த ஓட்டையை அடைத்துவிடுவார்களாம்.

அவர் படம்பிடித்து வந்தவை யாவும் மயானங்கள். கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளாகத்தில், விபுலாநந்த அடிகளின் சமாதி. நகரத்துக் கிறித்தவர்களின் சேமக்காலையில் சிலுவைகளும் கற்சிற்பங்களும். முஸ்லிம் ஊரொன்றின் மையவாடியில் அடக்கமான மண்மேடுகள். திருகோணமலையில் புல் வெட்டிப் பூச்செடி நட்டுப் பேணப்படும் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம். இறுதியில் எங்கள் கடற்கரை மயானமும் இருந்தது.

“சேர், சுடலை எண்டா பேய், தீட்டு எண்டு பயப்படுற சனத்துக்கு இதெல்லாம் அமைதியான, கலையான இடங்கள் எண்டு காட்டோணும். விவரணையை நீங்கதான் எழுதித் தரோணும்” என்றார்.

நல்ல நோக்கம் என்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் அந்த விவரணையை எழுதத் தொடங்கும் முன்னர் என் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இளைஞர் கண்ணாடிப் பெட்டியை என் தாயாருக்கு அணிவித்தார். முதலில் அவர் அச்சத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பிடி தளர்ந்தது. எண்பதைக் கடந்த அந்தத் தலை மெல்ல இடமும் வலமும் திரும்பியது. “இஞ்ச இவ்வளவு வெளிச்சமா மனே?” என்று கேட்டார். அரை நூற்றாண்டாக அவருடைய மனத்தில் அந்த இடம் இருளாகவே இருந்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. புன்னை எது என்று நான் சொல்ல, அந்தத் திசையில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கை ஒருமுறை முன்னே நீண்டு வெறுங்காற்றைத் தொட்டு மீண்டது. பெட்டியைக் கழற்றியபோது கண்கள் நனைந்திருந்தன, முகமோ தெளிந்திருந்தது.

பக்கத்தில் இருந்தவர் என் பெரியம்மா, தாயாரின் மூத்த சகோதரி. அவருடைய மூத்த மகன் 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு காலை வீட்டைவிட்டுப் புறப்பட்டவர், திரும்பவில்லை. பெரியம்மா இவ்வளவையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இளைஞரிடம் கேட்டார்:

“தம்பி, எண்ட புள்ளையையும் இதுக்குள்ள காட்டுவீங்களா?”

இளைஞரிடம் விடை இருக்கவில்லை, என்னிடமும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு மயானங்களின் அமைதியைப் பற்றி ஒரு வரியும் என்னால் எழுத முடியவில்லை. ஆகவே அதனையும் உடன்வைத்துக்கொண்டே இவ்விடயத்தைச் சிந்திக்க வேண்டியவனானேன்.

இறந்தோரின் இடத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்குவது தமிழரின் தொன்றுதொட்ட இயல்பு என்று கூறுவதற்கில்லை. மட்டக்களப்பின் வடபால் கதிரவெளியில் பெருங்கற்கால மக்கள் தம்மவர்க்குக் கற்பலகைகளால் ஈமவீடு அமைத்தார்கள். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைக் கூறும் சாத்தனார், இறந்தோரைச் சுடுவதும், வாளா இடுவதும், குழிதோண்டிப் புதைப்பதும், தாழ்ந்த இடத்தே அடைத்து வைப்பதும், தாழியாற் கவிப்பதும் என ஐந்து முறைகள் அருகருகே நிலவியதைக் காட்டுகிறார். ஒரே ஈமப்புறத்தில் ஐந்து வழக்கங்கள் அடங்கியிருந்தன என்பது இன்றைய இலங்கையில் வாழும் நமக்கு வியப்பாகவே தோன்றும்.

ஆயினும் அந்தக் காதை இன்னொன்றையும் மறையாமல் சொல்கிறது. அங்கே சுடுமண்ணால் எழுந்து நின்ற நினைவுக் கோட்டங்கள் துறவியருக்கும், மன்னருக்கும், கணவனோடு உயிர்நீத்த மகளிருக்கும் உரியவை. வருண வேறுபாட்டுக்கு ஏற்பக் குறியனவாகவும் நெடியனவாகவும் அமைந்தவை. உழுதவனுக்கும் வலைவீசியவனுக்கும் கோட்டம் எழும்பியதாகச் செய்தி இல்லை. மயானத்தின் கலை அன்றும் உடையவனின் கலையாகவே இருந்தது. தமிழ் வழங்கும் நாடுகளில் சாதிக்கொரு சுடலையும் சுடலைக்கொரு தனிப்பாதையும் இன்றும் பல ஊர்களில் இருப்பதை நாம் அறிவோம். சாவு எல்லாரையும் சமமாக்கும் என்பது மேடையில் பேசுவதற்கு நன்றாக இருக்கிறது. ஊரெல்லையில் சென்று பார்த்தால் பொய்த்துவிடுகிறது.

இந்த வேற்றுமையை ஒழிக்க முயன்றவர்களும் உண்டு. 1917இல் நிறுவப்பட்ட பிரித்தானியப் பேரரசின் போர்க்கல்லறை ஆணைக்குழு, தளபதிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவான, ஒரே வடிவான கல் என்று விதித்தது. திருகோணமலைத் தோட்டத்தில் இளைஞரின் கமெரா கண்ட அழகு அந்த விதியின் அழகு. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹெர்மிஸ்’ கப்பலோடு 307 பேர் மாண்டார்கள். நமது கடல் கொண்டுபோனவர்களின் பெயர்கள் இங்கிலாந்திலே கடற்படை நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உடல் கிடைக்காதவனுக்கும் பெயர் உண்டு என்பது பெரியதொரு கொள்கை.

எனினும் அந்தக் கொள்கையும் நிறத்தின் எல்லையிலே தடுக்கி விழுந்தது. முதலாம் உலகப் போரில் அதே பேரரசுக்காக மாண்ட ஆபிரிக்கரிலும் ஆசியரிலும் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர்வரை, பெயர்சொல்லி நினைவுகூரப்படவில்லை என்று அந்த ஆணைக்குழுவே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நூறாண்டுக் காலம் அந்தத் தோட்டங்களில் உலவி அமைதி கண்டவர்கள், அங்கே இல்லாத கற்களைப் பற்றி எண்ணியிருக்க மாட்டார்கள். இருப்பது அழகாக இருந்துவிட்டால் இல்லாததை எவரும் தேடுவதில்லை. பெரியம்மாவின் கேள்வி எனக்கு உணர்த்தியதும் இதுவே.

வாவியின் வடக்கே, ஓட்டமாவடியின் சூடுபத்தினசேனையில், மஜ்மா நகர் மையவாடி இருக்கிறது. நான் அங்கே சென்றபோது கண்டது வறண்ட வெளியில் வரிசை வரிசையாக மண்மேடுகள், தலைமாட்டில் அடையாளக் கற்கள், மேலே வெயில். கலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த நாட்டில் மயானத்தைப் பற்றிப் படமெடுப்பவர் எவரும் முதலிற் சென்று நிற்க வேண்டிய இடம் அதுவென்பேன்.

2020 ஏப்பிரலில், கொவிட் நோயால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று இலங்கை அரசு வர்த்தமானியில் அறிவித்தது. புதைப்பதும் எரிப்பதும் இரண்டுமே ஏற்கத்தக்கவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. உடலை எரிப்பதைத் தம் மார்க்கத்துக்கு மாறானதாகக் கருதும் முஸ்லிம்கள் கெஞ்சினார்கள், வழக்காடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்ட பின்னர், பொரளை மயானத்தின் வேலிக்கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அவற்றைக் கட்டியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தனர். 2021 பெப்ரவரியில் அரசு இறங்கிவந்தது. மார்ச் மாதத்திலிருந்து நாட்டின் எந்த மூலையில் இறந்தவரையும் ஓட்டமாவடிக்கே கொண்டுவந்து, இராணுவக் கண்காணிப்பில், ஓரிரு உறவினர் மாத்திரம் நிற்க அடக்கஞ்செய்தார்கள். ஓராண்டுக் காலத்தில் 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கமாயினர். அவர்களிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இந்துக்களும் பௌத்தர்களும் கிறித்தவர்களும் அவர்களிடையே உள்ளனர். சாத்தனார் கண்ட ஈமப்புறத்தைப்போல எல்லா வழக்கத்தாரும் ஒன்றாய்க் கிடக்கும் மயானம் நம் காலத்தில் இப்படியொரு கொடுமையின் வழியாகவே உருவாக வேண்டியிருந்தது. கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 யூலையில்.

கொழும்பிலும் கண்டியிலும் களுத்துறையிலும் உள்ள எத்தனையோ வீடுகளில், தம்மவர் புதைந்த இடத்தை ஒரு தரமேனும் கண்டறியாத முதியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கண்ணாடிப் பெட்டி விளையாட்டுப் பொருளாகாது. என் தாயாரின் முகத்தில் நான் கண்ட தெளிவை அவர்களுக்கும் அது தரக்கூடும். தூரத்தாலும் வறுமையாலும் முதுமையாலும் வழக்கத்தாலும் கல்லறையிலிருந்து பிரிக்கப்பட்டவர்களுக்கு இக்கருவி ஒரு படலையைத் திறந்துவிடுகிறது. விஞ்ஞானத்தின் ஒவ்வொரு புதுமையையும் முதலாளியின் சூழ்ச்சி என்று தள்ளிவிடும் கட்சியைச் சேர்ந்தவனல்லன் நான்.

ஆனால் படலையைத் திறந்தாலும் உள்ளே ஒன்றுமில்லாதவர்களுக்கு என்ன செய்வது? இந்த வாவியைச் சுற்றியுள்ள கரைகளில் அத்தகையோர் எத்தனை பேர்! 1990 யூலையில் குருக்கள்மடத்தருகே கடத்திக் கொல்லப்பட்ட முஸ்லிம் பயணிகளின் எலும்புகளையேனும் தோண்டியெடுத்து மார்க்க முறைப்படி அடக்கஞ்செய்யத் தரும்படி அவர்களுடைய உறவினர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களைக் கொன்றோர் தமிழ்த் துப்பாக்கிதாரிகள். அதே ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து படையினர் கொண்டுசென்ற 158 தமிழர் திரும்பவில்லை. அதற்கு நான்கு நாளின் பின் சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் பெண்களுமாக 180க்கும் மேற்பட்டோர் படைமுகாமிற் கொல்லப்பட்டார்கள். அங்கே நினைவுத்தூண் இருக்கிறது, கல்லறைகள் இல்லை. தரவையிலும் தாண்டியடியிலும் கல்லறைகள் இருந்தன. கிழக்கைப் படையினர் கைப்பற்றிய பின்னர் அந்தத் துயிலும் இல்லங்கள் மண்ணோடு மண்ணாக்கப்பட்டன. அங்கே புதைந்தவர்கள் ஏந்திய அரசியலை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம், நான் மறுத்தவன். ஆனால் பெற்றவள் விளக்கேற்றும் கல்லை உடைப்பதற்கு எந்த வெற்றியும் எவருக்கும் உரிமை தருவதில்லை.

தமிழ்த்தாய்க்கும் முஸ்லிம் தாய்க்கும் இந்த ஒரு விடயத்தில் வேறுபாடு கிடையாது. இரு சாராரின் பிள்ளைகளும் ஒரே வாவியின் கரையில், பெயரின்றி, ஒருவர்க்கொருவர் சில கல்தொலைவிற் கிடக்கிறார்கள். இவர்களை விட்டுவிட்டுச் சிற்பங்களையும் பூச்செடிகளையும் மாத்திரம் சுழன்று காட்டும் படம், கமெராவின் குருட்டிடத்தை அயல்மணலால் அடைத்ததைப் போன்றதே. பார்ப்பவனுக்கு எல்லாம் முழுமையாகத் தோன்றும். காலடியில் இருப்பது மறைந்துபோகும்.

அப்படியானால் கல்லறை இல்லாதவனை இக்கருவியாற் காட்டவே முடியாதா? முடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2017இல் வெளியான ‘த லாஸ்ட் குட்பை’ என்ற மெய்நிகர்ப் படத்தில், பிங்காஸ் குட்டர் என்னும் யூத முதியவர், நாஜிகள் தம் பெற்றோரையும் உடன்பிறந்த இரட்டைச் சகோதரியையும் கொன்ற மைதானெக் வதைமுகாமுக்குத் திரும்பிச் செல்கிறார். அங்கே அவருடைய குடும்பத்துக்குக் கல்லறை கிடையாது. இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று அவர் நின்று சொல்ல, பார்ப்பவன் அவர் பக்கத்தில் நிற்கிறான். அவ்வளவே அந்தப் படம். வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்டி, அதன் நடுவே ஒரு மனிதக் குரலை நிறுத்துகிறது. அழகு என்று அதற்குப் பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலை என்று தயங்காமற் சொல்வேன்.

பாரிசு நகரின் பேர்-லாஷேஸ் மயானத்தை நினைத்துப் பாருங்கள். 1804இல் திறக்கப்பட்ட அது உலகின் அழகிய மயானங்களில் ஒன்று என்று புகழ்பெற்றது. இசைமேதை ஷோப்பனின் சிற்பக் கல்லறை அங்கே இருக்கிறது. இன்று வீட்டிலிருந்தபடியே கணினித் திரையில் அதைச் சுற்றிவரலாம். அதன் ஒரு மூலையில் ஒரு மதில் உண்டு. 1871 மே 28ஆம் நாள் பாரிசுக் கொம்யூன் வீரர் 147 பேரை அந்த மதிலோரம் நிறுத்திச் சுட்டு அங்கேயே குழியிற் தள்ளினார்கள். சிற்பக் கல்லறைகளின் நடுவே அது வெறுஞ்சுவர். ஆயினும் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் மலரேந்திச் செல்வது அந்தச் சுவரை நோக்கித்தான். அங்கே அவர்கள் காண்பதும் ஒருவகை அமைதியே. உண்மையை மறைக்காமற் சொல்லி முடித்த பின்னர் வரும் அமைதி அது. வாய்மூட வைக்கப்பட்ட ஊரின் மௌனத்தை நாம் அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

விபுலாநந்த அடிகளின் சமாதியை இளைஞர் மிக நேர்த்தியாகப் பிடித்திருந்தார். யாழ் நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே, யூலை 19ஆம் நாள் மறைந்த அப்பெரியார், தாம் வளர்த்த பள்ளிக்கூடத்து மண்ணிலேயே துயில்கிறார். அவர் பாடிய பாட்டு அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் குரல் நாள்தோறும் கேட்கும் தொலைவில் ஓர் ஆசிரியனின் கல்லறை இருப்பதைவிடப் பெரிய பேறு இல்லை. அந்த இடத்தின் அமைதிக்குக் காரணம் என்னவென்று எண்ணிப் பார்த்தேன். அங்கே கிடப்பவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் எப்படி இறந்தார் என்பது தெரியும். அவரைத் தேடி எவரும் எந்த வாசலிலும் மனுவோடு நிற்கவில்லை. இவை மூன்றும் வாய்த்த பிறகுதான் மரமும் கல்லும் பாட்டும் அழகு தருகின்றன. இவை மூன்றையும் எல்லாருக்கும் கேட்பதே மயானத்தைப் பற்றி நாம் செய்யக்கூடிய நல்ல அரசியல்.

இவற்றையெல்லாம் இளைஞரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. படத்தை மீண்டும் தொடங்குவதாகச் சொன்னார். ஓட்டமாவடிக்கும் குருக்கள்மடத்துக்கும் சத்துருக்கொண்டானுக்கும் போவதென்றும், ஒவ்வோரிடத்திலும் அங்குள்ளவரையே பேசவிடுவதென்றும், என் விவரணை இயன்றவரை குறைவாக இருப்பதென்றும் முடிவாயிற்று.

சில நாள் கழித்து ஒரு காலையில் தாயார் என்னை அழைத்தார். “அந்தக் கண்ணாடி வேணாம் மனே, என்னைக் கூட்டிக்கிட்டுப் போ” என்றார். ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணம் எனக்குத்தான் முதலில் எழுந்தது. பிள்ளைகளுக்குப் பகுத்தறிவு போதித்துப் பொழுது கழித்தவனின் நெஞ்சில் அது எழுந்ததென்பதை வெட்கத்தோடு எழுதி வைக்கிறேன். பெரியம்மாவும் உடன் வருவதாகச் சொன்னார். இருவரும் முற்றத்து நந்தியாவட்டையில் பூக்கொய்து ஆளுக்கொரு சிறு பையில் எடுத்துக்கொண்டார்கள். கால்மணி நேர வழியை ஒரு மணி நேரமாக நடந்தோம். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

புன்னையடியில் தாயார் குந்தியிருந்து மணலைக் கையால் ஒதுக்கிச் சமப்படுத்திப் பூவை வைத்தார். பிறகு மரத்திற் சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்தார். பெரியம்மா சற்றுத் தள்ளி நின்றார். அவர் கண்கள் மயானத்தின் ஒவ்வொரு மேட்டிலும் சென்று சென்று மீண்டன. தங்கையின் கணவனுக்கு ஒரு பூவை எடுத்து வைத்தார். மிகுதியை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பூக்களைப் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.